மாவுக்கட்டும் மீன்கொத்தியும்

லிஃப்ட் மெக்கானிக்கான அவரைக் கம்பெனியில் எல்லோரும் 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வானளாவிய கட்டடங்களின் உச்சியில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது ஒருநாளும் கால் வழுக்காத மனிதர், பரணிலிருந்து டேபிள் ஃபேனை இறக்க ஸ்டூலில் ஏறி, சமையலறைத் தரையில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே முழுக்க மாவுக்கட்டு. பார்க்க வந்த கம்பெனி ஆட்கள், "எந்த மாடியிலேருந்துண்ணே?" என்று கவலையோடு கேட்டார்கள். "ஸ்டூல்லேருந்து" என்று முனகினார். வந்த சிரிப்பை அடக்க ஒருத்தர் எழுந்து வெளியே போக வேண்டியதாயிற்று.

கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாத ஆள். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். பிறகு நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மனைவி சாயங்காலம் வந்து பார்த்தபோது, அது அக்குவேறு ஆணிவேறாக மேஜையில் கிடந்தது. தங்கைக்கு ஃபோன் போட்டாள்.

"உங்க மாமாவுக்கு ஏதாவது வேலை குடுடி. விட்டா அடுத்து என்னையும் கழட்டிடுவார்."

மறுநாளே கொழுந்தியாள் ஒரு பையோடு வந்து இறங்கினாள். பெட்டி, தட்டு, டப்பா என்று எதைக் கண்டாலும் படம் ஒட்டி அழகுபடுத்துவது அவளுக்குப் பைத்தியம். படம் அச்சடித்த காகித நாப்கின்கள், சின்னக் கத்தரிக்கோல், வெள்ளைப் பசை, பஞ்சுத் துண்டு, உப்புத்தாள், வார்னிஷ், தட்டையான பிரஷ் என்று வரிசையாக எடுத்து வைத்தாள்.

"இதுக்குப் பேரு டெக்கூபாஜ், மாமா."

"ஒட்டு வேலைன்னு சொல்லேன், வாய் வலிக்காது."

அவள் கிளம்பியதும் ஒரு பிஸ்கட் டப்பாவில் ரோஜாவை ஒட்டினார். காய்ந்ததும் ரோஜாவுக்கு அம்மை போட்டதுபோல எங்கு பார்த்தாலும் கொப்புளம். ஃபோனில் கேட்டுவிட்டுக் கொழுந்தியாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாமா, நாப்கின் ஒரே தாள் இல்ல. அடியில வெள்ளைத் தாளுங்க ஒட்டிட்டிருக்கும். அதை உரிச்சுப் போட்டுட்டு, படம் இருக்கிற மேல் தாளை மட்டும் ஒட்டணும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டினீங்களே!"

அன்றிலிருந்து அவருக்கு வெறி பிடித்தது. டப்பாவை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை பெயின்ட் அடித்துக் காயவிட்டார். மூச்சுப் பட்டாலே பறக்கும் தாளை அதன்மேல் பரப்பி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பசையைத் தடவினார். ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன விரல்களில் தாள் கிழிந்துகொண்டே இருந்தது. கிழியாமல் ஒட்டிய முதல் பூவைப் பார்த்து, யாருமில்லாத வீட்டில் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டார். மெல்ல மெல்ல டப்பாக்கள், தட்டு, பேனா ஸ்டாண்டு என்று வீடே பூத்தது.

"நான் கொஞ்சம் அசந்து தூங்கினா என் நெத்தியிலயும் ஒரு பூ ஒட்டிருவீங்க போல" என்றாள் மனைவி. ஆனால் தட்டை மட்டும் கடைக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தாள்.

அந்தச் சமயத்தில் கொழுந்தியாள் புது வீட்டுக்குக் குடிபோனாள். விருந்துக்கு வரச் சொன்னாள். மனைவி அவருடைய காலை ஏற இறங்கப் பார்த்தாள். மாவுக்கட்டு அழுக்கேறி, அடுப்புத் துணியின் நிறத்துக்கு வந்திருந்தது.

"இந்தக் கோலத்துல எப்படிங்க வர்றது?"

அவள் வேலைக்குப் போனதும் அவர், கிளைகளும் மீன்கொத்திப் பறவைகளும் அச்சடித்த நாப்கின்களைப் பிரித்தார். கட்டு நனையக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்ததால், பசையைப் பஞ்சில் தொட்டு, பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுத்தார். காலைத் திருப்ப முடியாத இடங்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டார். மனைவி கதவைத் திறந்தபோது, கணுக்காலிலிருந்து முழங்கால் நோக்கி நீல மீன்கொத்திகள் பறந்துகொண்டிருந்தன.

"அடப்பாவி மனுஷா!" என்றவள், கீழே உட்கார்ந்து ஒவ்வொரு பறவையாகத் தடவிப் பார்த்தாள்.

விருந்தில் புது வீட்டைப் பார்த்தவர்களைவிட அவர் காலைப் பார்த்தவர்கள்தான் அதிகம். குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து பறவைகளை எண்ணினார்கள். ஆளுக்கொரு கணக்கு வந்து சண்டையாயிற்று. "எங்க வீட்டுக்காரர் செஞ்சது" என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள் மனைவி. "என் வீட்டு விருந்துல என்னை ஒருத்தரும் கண்டுக்கல" என்று கொழுந்தியாள் பொய்க்கோபம் காட்டினாள்.

கட்டுப் பிரிக்கும் நாளில், ஆஸ்பத்திரி ஊழியர் கையில் ரம்பத்தோடு தயங்கி நின்றார்.

"எங்க சார் வெட்டறது? எந்தப் பக்கம் திருப்பினாலும் பறவையா இருக்கே!"

"இந்தக் கிளையோரமா மெதுவா வாங்க. றெக்கையில பட்டுடாம."

ஒரு றெக்கைகூட அடிபடவில்லை. இரண்டு பாதிகளையும் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல மனைவி தூக்கிக்கொண்டாள். மெலிந்து வெளுத்த காலை ஊன்றி அவர் மெல்ல நடந்தார். அவள் அவர் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும் கேட்டாள்:

"ஏங்க, நம்ம செருப்பு ஸ்டாண்டு மொட்டையா இருக்கில்ல?"

"என்ன படம் வேணும் சொல்லு."

பஸ் வரும்வரை யோசித்தாள்.

"யானை" என்றாள். "சின்னதா இல்ல. பெருசா."