துட்டிக்குப் போனவள்

என் சித்தப்பா மகள் கோகிலா மதுரைக்கு அப்பால் போனதில்லை. பிளஸ் டூ முடித்ததும் சங்கரன்கோவில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கச் சேர்ந்தாள். பதினோரு வருடமாக அதே நாற்காலி. நான் அந்த வருடங்களில் ஒன்பது நாடுகளில் இருந்துவிட்டு வந்தேன். ஆனால் எங்கள் தெருவில் யார் நிலம் வாங்கினாலும் அவளிடம்தான் காகிதத்தை நீட்டுகிறார்கள். என்னிடம் ஊர் ஊராக எடுத்த போட்டோ மட்டும் கேட்கிறார்கள்.

மேலநீலிதநல்லூர் போகிற வழியில் ஒன்பது ஏக்கர். பன்னிரண்டு பேர் பணம் போட்டு வாங்கி, பிளாட் போட்டு விற்று, லாபத்தைப் பிரித்துக்கொள்வதாக ஏற்பாடு. நடத்துகிறவர் வெங்கடேஷ். என் சேமிப்பு முழுவதையும் அதில் போட இருந்தேன். நானே எல்லாம் சரிபார்த்தேன். முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, அவர் முன்பு போட்ட இரண்டு மனைப்பிரிவுகள். நிலத்துக்காரர் சண்முகையா, தன் சார்பில் விற்க வெங்கடேஷுக்குப் பதிவு செய்து கொடுத்த பவர் பத்திரமும் இருந்தது. ஒரு குறையும் இல்லை.

ஒப்பந்தத்தோடு வெங்கடேஷ் வீட்டுக்கு வந்த அன்று அப்பா சொன்னார்: "எதுக்கும் கோகிலாவும் ஒரு பார்வை பாக்கட்டும்."

எனக்குச் சுரீரென்றது. "நான் பாத்தது போதாதாப்பா?"

அதற்குள் அவளுக்கு போன் போய்விட்டது. சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவோடு வந்தாள். பேனா என் கையில் மூடி திறந்தபடி இருந்தது. அவள் சீக்கிரம் போய்விட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. பவர் பத்திரத்தை மட்டும் எடுத்துப் பெயரைப் பார்த்தாள்.

"சண்முகையா தாத்தா எப்படி இருக்காவ, அண்ணாச்சி?"

"நல்லா இருக்காவ. வயசுதான். வெளிய வாரதில்ல."

"எப்படி வருவாவ? ஆவணியில அவுக தவறினப்போ துட்டிக்கு நானும் அம்மையும் போனோம். பெரிய ரோசாப்பூ மாலை கொண்டாந்து போட்டதே நீங்கதானே."

வெங்கடேஷ் தண்ணீர் கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"குடுத்தவரு போய்ட்டா பவரும் போச்சு," என்றாள் கோகிலா. "இனி பிள்ளைவதான் கையெழுத்துப் போடணும். அவங்களுக்கு இது தெரியுமா அண்ணாச்சி?"

"பேசிட்டு வாரேன்," என்று பத்திரங்களை எடுத்துக்கொண்டு போனார். கார் தெருமுனை திரும்பும் வரை அப்பா வாசலிலேயே நின்றார்.

வில்லங்கச் சான்றில் சாவு ஏறாது. அதற்கு ஊரில் இருந்திருக்க வேண்டும். மாலை போட்டவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் பணம் தப்பியது. நன்றி சொல்லாமல் பேனாவை மூடினேன்.

"ஏட்டி, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?" என்றாள் கோகிலா. " சாயங்காலம் பனவடலிசத்திரத்துல ஒரு துட்டி. வாரியா?"

யார் இறந்தார்கள் என்றுகூடக் கேட்காமல் கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விடவில்லை.