எங்கள் அப்பா ஒரு பட்டிக்காரர்

அப்பாவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகள் எழுதுகிறேன். உங்களில் பலர், அப்பா ஏதோ ஒரு 'கம்பனியில்' வேலை செய்தவர் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தீர்கள். அப்படிச் சொல்லிவைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே இதை எழுதும் கடமை எனக்கே உரியது.

அப்பா முல்லைத்தீவுப் பக்கம், காட்டோரக் கிராமம் ஒன்றில், ஏழு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். வீட்டில் பெரிய மாட்டுப்பட்டி இருந்தது. கன்றுகளைப் பிரித்து அடைப்பது, குறிசுடுவது, காட்டுக்குள் ஓடித் தம்பாட்டில் வளர்ந்த குழுமாடுகளை வார்க்கயிறு எறிந்து பிடிப்பது எல்லாம் பதினைந்து வயதுக்குள் அவருக்குக் கைவந்துவிட்டன. யுத்தத்தில் ஊர் இடம்பெயர்ந்தபோது, பட்டியின் படலையைத் திறந்துவிட்டு நடந்தவர் அவர்தான். அதைப் பற்றி எங்களிடம் ஒரே ஒருமுறை பேசினார். "அடைச்சு வச்சிட்டு வந்திருந்தால் நான் இண்டைக்கும் நித்திரை கொள்ள மாட்டன்."

கனடாவில் முதலில் ஸ்காபரோவில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அது மூடப்பட்டபோது, பிக்கரிங்குக்கு வடக்கே ஒரு பால் பண்ணையில் ஆள் தேவை என்று யாரோ சொன்னார்கள். நூற்றெண்பது மாடுகளும் நான்கு குதிரைகளும் நின்ற அந்தப் பண்ணையைப் பார்த்துவிட்டு வந்த அன்று, அப்பா சாப்பிடும்போது தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மாவோ பயந்தார்.

"இஞ்ச பாருங்கோ, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. பிள்ளையளை நக்கலடிப்பினம்."

"நான் என்ன களவெடுக்கவோ போறன்?" என்று கேட்டார் அப்பா. ஆனால் அம்மாவுக்காக வாய் திறக்காமல் இருந்தார்.

அம்மாவின் பயம் வீண்பயம் அல்ல. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத ஒருவனைப் பார்த்து ஆசிரியர், "படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் போவாய்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது இங்கே கேட்கிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலம். அப்பாவின் கார் பழுதாகிவிட்டதால் ஒரு வசந்தகாலக் காலையில் நானே அவரைப் பண்ணைக்கு ஏற்றிச் சென்றேன். காற்றில் வேலி சரிந்து, நாற்பது இளம் மாடுகளும் ஒரு காளையும் தெருவில் நின்றன. பண்ணை உரிமையாளர் மார்கரெட் ஒரு பக்கமும் அவருடைய மகன் மறுபக்கமும் பிக்கப்பில் ஹோர்ன் அடித்து விரட்ட, அவை மிரண்டு நாலாபுறமும் சிதறின. அடுத்த சந்தியில் பெருந்தெரு. பாடசாலை பஸ்கள் வரும் நேரம்.

"எஞ்சினை நிப்பாட்டச் சொல்லு மகள். ஒருத்தரும் ஓடவேண்டாம். அதுகள் பயந்துபோச்சுதுகள்" என்று சொல்லிக்கொண்டே அப்பா இறங்கினார்.

நான் கத்தினேன். எஞ்சின்கள் ஓய்ந்தன. அப்பா தெருநடுவில் நின்று ஒரு குரல் கொடுத்தார். இழுத்து, தாழ்ந்து, மறுபடி ஏறிய அந்தக் குரலை எங்கள் வீட்டில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. முதலில் ஒரு மாடு தலையைத் திருப்பியது. பிறகு இரண்டு. அப்பா திரும்பிப் பார்க்காமல் வாயிலை நோக்கி நடந்தார். அவை வரிசையாக அவர் பின்னால் நடந்தன.

காளை மட்டும் வரவில்லை. சந்தியை நோக்கித் திரும்பி ஓடத் தொடங்கியது. அப்பா பிக்கப்பிலிருந்த கயிற்றை எடுத்துச் சுருக்கிட்டு, தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி எறிந்தார். ஒரே எறி. கொம்பில் விழுந்த கயிற்றின் மறுமுனையை வேலிக்கட்டையில் சுற்றி இறுக்கிவிட்டு, காளையோடு மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

அவருடன் வேலை செய்த மெக்சிகோக்காரர் மிகேல் தொப்பியைக் கழற்றி, "வக்கேரோ!" என்று கூவினார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். குதிரையேறி மாடுகளை நடத்துகிறவர்களுக்கு அவருடைய நாட்டில் அதுதான் பெயராம். தன் தகப்பனாரும் வக்கேரோதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "உங்கள் பாஷையில் என்ன சொல்வீர்கள்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரிந்தது வகுப்பில் கேட்ட அந்த ஏச்சு ஒன்றுதான். அப்பாவைப் பார்த்தேன்.

"பட்டிக்காரன் எண்டு சொல்லு" என்றார், காளையின் கழுத்தைத் தடவியபடி.

அந்த மாதமே மார்கரெட் மாடுகளின் முழுப் பொறுப்பையும் அப்பாவிடம் கொடுத்தார். பண்ணையில் அவருடைய அறைக்கதவில் ஆங்கிலத்தில் 'ஹெர்ட்ஸ்மன்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே 'பட்டிக்காரர்' என்று தமிழில், பச்சை வர்ணத்தில், நான் எழுதினேன். 'ட்'டுக்குப் புள்ளி வைக்க மறந்துவிட்டேன். அப்பா காட்டித் திருத்துவித்தார்.

என் கல்யாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் அஜின்கோர்ட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவர்களுடைய பெரியம்மா ஒருவர் அப்பாவின் வேலையைப் பற்றிக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அம்மா சொன்னார்: "இவர் பட்டிக்காரர். பால் பண்ணையில மாடெல்லாம் இவரின்ர பொறுப்பு."

"மாடு மேய்க்கிறவரோ?"

"ஓம். மேய்க்கத் தெரிஞ்சவர்."

பிறகு மாப்பிள்ளையின் தகப்பனார் கதிரையை அப்பாவின் பக்கம் இழுத்துப் போட்டு, "அண்ணை, கன்று போடேக்க பின்னங்கால் முன்னுக்கு வந்தால் என்ன செய்வியள்?" என்று கேட்டார். அவரும் மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளையாம். இந்த நாட்டில் அதைச் சொல்ல அன்றுவரை அவருக்கு ஒருவர் கிடைக்கவில்லையாம். அந்தப் பேச்சில் தேநீர் ஆறிப்போனது. கல்யாணம் நிச்சயமானது.

இருதய நோய் முற்றி, கடைசி மூன்று வாரங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். மிகேல் தினமும் வீடியோவில் அழைத்து மாடுகளைக் காட்டினார். கடைசி நாளுக்கு முதல்நாள் பிறந்த கன்றைப் பார்த்து அப்பா, "வடிவாயிருக்கு. சீம்பாலை உடனே குடுங்கோ" என்றார். மறுநாள் மதியம், அம்மா கையைப் பிடித்திருக்க, அமைதியாக எங்களைப் பிரிந்தார்.

அப்பாவைக் கவனித்த தாதியருக்கும், வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும், கிரியைகளை நிறைவேற்றிய ஐயருக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மார்கரெட்டும் பண்ணைத் தோழர்களும் இறுதிச்சடங்குக்கு வந்திருந்ததைப் படங்களில் பார்ப்பீர்கள். மிகேலையும் இன்னொருவரையும் பார்க்க மாட்டீர்கள். எல்லோரும் வந்துவிட்டால் மாடுகள் மடி கனத்து நிற்கும் என்று அவர்கள் இருவரும் பண்ணையிலேயே நின்றுவிட்டார்கள். நாங்கள் அப்பாவை வழியனுப்பிய அந்த நேரத்தில், நூற்றெண்பது மாடுகளிலும் அவர்கள் பால் கறந்துகொண்டிருந்தார்கள். அப்பாவுக்குச் செய்த பெரிய மரியாதை அதுதான். அந்த இரண்டு பட்டிக்காரர்களையும் கைகூப்பி வணங்குகிறோம்.