மாரப்பண்ணனின் வட்டமும் பெருக்கல் குறியும்

காலையில் கடையைத் திறந்து முதல் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பாக்குக் கடைக்குத் தொலைபேசி வந்தது. கடைக்காரர் ஓடிவந்தார். "ஆஸ்பத்திரியிலிருந்து. உங்க மாரப்பண்ணன் ஹோகிபிட்ரந்தே" என்றார். என்னிடம் எப்போதும் தமிழில் பேசுகிறவருக்கு, போய்விட்டாராம் என்பதைக் கன்னடத்தில்தான் சொல்ல வாய் வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாரப்பண்ணனின் மனைவி சரசக்கா அழாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கணவரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏந்தம்பி, ஒரு வாரம் முன்னாடியே கூட்டியாந்திருந்தா பொழைச்சிருப்பாரா?"

அந்த ஒரு வாரம் அவர் என்னோடுதான் இருந்தார், ஹனூர் பக்கம் புளிய மரம் பார்க்க. அழைத்துப் போனவன் நான்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் எங்கள் கடையில் புளி வாங்கியிருந்தால் உங்களுக்கு அவரைத் தெரியும்; அவருடைய வேலை எல்லோருக்கும் தெரிந்திருக்காது. காய் பிஞ்சாக இருக்கும்போதே மரத்தைக் குத்தகை பேசிவிட வேண்டும். எத்தனை மூட்டை தேறும் என்று அண்ணாந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஊரிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து, அடுத்தவர் மூட்டையைச் சுமந்து, பிறகு கடை போட்டவன் நான். எனக்குச் சுமக்கத் தெரியும், விற்கத் தெரியும். மரம் பார்க்கத் தெரியாது. மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறிய வருஷம் நாங்கள் கூட்டுச் சேர்ந்தோம்.

சட்டைப் பையில் சாக்பீஸ் வைத்திருப்பார். மரத்தில் மூட்டை எண்ணிக்கையை எழுதுவார். நிச்சயமாகத் தெரிந்தால் எண் மட்டும். சந்தேகம் என்றால் பக்கத்தில் ஒரு வட்டம், அல்லது ஒரு பெருக்கல் குறி. மற்ற வியாபாரிகளுக்கு இது பெரிய வேடிக்கை. "என்ன ஜோசியரே, கிளிக்கே சந்தேகமா?" என்பார்கள். "கிளி சீட்டை எடுத்துப் போட்டுட்டு நெல்லைத் தின்னுட்டுப் போயிரும். நான் அறுப்பன்னிக்கு உங்க மூஞ்சீல முழிக்கோணுமே" என்பார்.

ஆரம்பத்தில் எனக்கும் எரிச்சல்தான். "வியாபாரத்துல தெரியாதுன்னா எவன் மதிப்பான்?" என்று கத்தினேன்.

"தெரியாதுங்கறதுல ரெண்டு தினுசு இருக்குதப்பா. கெளை மறைக்குது, ஏறிப் பாத்தாத் தெரிஞ்சிரும். அதுக்கு வட்டம். இனிமேப் பெய்யற மழையைப் பொறுத்ததுன்னா ஏறினாலும் தெரியாது. அதுக்குப் பெருக்கல். வட்டத்தைப் பாத்துட்டுக் கீழயே நின்னா அது சோம்பேறித்தனம். பெருக்கலுக்கு ஏறுனா அது கிறுக்குத்தனம்."

கேட்டேன், மனதில் வாங்கவில்லை. சாமராஜநகர் அருகே ஓடைப் பள்ளத்தில் பத்து மரம் பேசினோம். பத்திலும் பெருக்கல். ஒன்றில் குறைந்தால் இன்னொன்றில் கூடும், கூட்டிப் பார்த்தால் சரியாக வந்துவிடும் என்று நானே முடிவு கட்டி, மைசூர் ஓட்டல்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். பருவம் தப்பி மழை அடித்தது. பத்து மரமும் சேர்ந்தே பிஞ்சைக் கொட்டின. சந்தை சந்தையாகக் கெஞ்சிப் புளி பொறுக்கி வாக்கைக் காப்பாற்றினேன். அவர் திட்டவில்லை. "பத்துப் பெருக்கல்னு எண்ணிப்போட்டே. ஒரே பள்ளம், ஒரே மழை. அது ஒத்தைப் பெருக்கல்தான்" என்றார், அவ்வளவுதான்.

வீட்டிலும் இதே பேச்சு. மத்தியானம் சாப்பிட வருவீர்களா என்று சரசக்கா கேட்டால், "வட்டம் போட்டுக்க" என்பார். ஒருநாள் வந்து உட்கார்ந்தவர் முன் அக்கா வெறும் தட்டை வைத்து, "இந்தாங்கோ, வட்டம்" என்றார். எனக்குப் புரையேறிவிட்டது.

கடைசி வாரத்துக்கு வருகிறேன். ஹனூரில் மூன்றாவது தோப்பு ஒரு மேட்டில் இருந்தது. ஏறி முடித்ததும் வேரில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணா, மூச்சு வாங்குதா? டாக்டர்கிட்டப் போலாமா?"

"மேடுதானப்பா. இன்னும் நாலு மரந்தான பாக்கி."

அந்த நாலு மரம் எனக்கும் வேண்டியிருந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அன்று அவர் போட்ட வட்டங்கள் கோணலாக இருந்தன. அதையும் பார்த்தேன். ஊர் திரும்பிய பிறகுதான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

காரியம் முடிந்த மறுநாள் சரசக்காவைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன்: எப்படியும் பிழைத்திருக்க மாட்டார். கேட்பவருக்கு இதமானதைச் சொல்லிப் பழகிய வாய் இது; அந்தப் பதிலில் எனக்கும் விடுதலை இருந்தது. ஆனால் மாரப்பண்ணனின் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பையோரத்தில் சாக்பீஸ் வெள்ளை.

"அக்கா, பொழைச்சிருப்பாராங்கறது பெருக்கல். டாக்டருக்கும் தெரியாது. ஆனா உடம்புல என்னமோ ஆகுதுன்னு முன்னாடியே போய்ப் பாத்திருக்கலாம். அது வட்டம். கீழயே நின்னவன் நானுந்தான்."

அக்கா உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"நீயும் ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்கறவன்தான். நாளைக்கே போயி நெஞ்சைக் காமிச்சுட்டு வா. வந்து என்ன சொன்னாங்கன்னு எங்கிட்டச் சொல்லோணும்."

மாரப்பண்ணனின் துண்டு சாக்பீஸ் இப்போது என் பையில் இருக்கிறது. மரம் பார்க்க எனக்கு இன்னும் வராது. எந்தச் சந்தேகத்துக்கு ஏறிப் பார்க்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது மட்டும் அவரிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது.

அக்கா சொன்ன மறுநாள் கடையைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிப் படியில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கியது. கொஞ்சம் நின்று, மீதியையும் ஏறினேன்.