ஊரெல்லாம் போன ஜாதகம்

ஆதார் நகலை யாருக்குக் கொடுத்தாலும், எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறேன் என்று அதன் குறுக்கே பேனாவால் எழுதிவிட்டுத்தான் கொடுப்பேன். கல்கத்தாவில், கரியாஹாட்டில் நான் வழக்கமாகப் போகும் ஜெராக்ஸ் கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரிப்பார். பார்சல் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் பெயரும் முகவரியும் உள்ள சீட்டைக் கிழித்து எடுத்துவிடுவேன். ஓடிபி கேட்டு வரும் அழைப்புகளில் இதுவரை ஏமாந்ததில்லை. இத்தனை காவலையும் தாண்டி, என் மகளின் ஜாதகம் வழியாகத் திருடன் எங்கள் வீட்டுக்குள் வந்தான்.

ஜாதகம் என்றால் இப்போது கட்டம் மட்டுமில்லை. என் கணவரின் தங்கை, கல்கத்தாத் தமிழர்களுக்காக வாட்ஸ்அப்பில் ஒரு வரன் குழு நடத்துகிறாள். அதற்காக அவள் கேட்டு வாங்கிய ஒற்றைப் பக்கத்தில் மகளின் முழுப்பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், அப்பா பெயர், நியூ டவுனில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி, சம்பளம், லேக் கார்டன்ஸ் வீட்டு முகவரி, என் கைபேசி எண் எல்லாம் இருந்தன. கூடவே மூன்று புகைப்படங்கள். வங்கிகூட இவ்வளவையும் ஒரே தாளில் கேட்பதில்லை. கல்யாணத்துக்குக் கொடுப்பதன் குறுக்கே யார் என்ன எழுதுவார்கள்?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மாள் அழைத்தார். திருமணத் தளம் ஒன்றில் அவர் மகனோடு என் மகள் சில வாரங்களாகப் பேசி வருகிறாளாம். இப்போது பணம் கேட்டிருக்கிறாளாம். சந்தேகப்பட்டு, உறவினர் ஒருவர் அனுப்பியிருந்த எங்கள் பயோடேட்டாவைத் தேடி எடுத்து என் எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"படிச்ச பொண்ணு, இப்படியா கேக்கறது? அம்மா ஐசியூல இருக்கான்னாளாம். நீங்க நன்னாத்தானே பேசறேள்?"

மகள் என் எதிரில் உட்கார்ந்து லூச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தளத்தின் பெயரையே அவள் கேள்விப்பட்டதில்லை. வந்த செய்திகளை அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். பயோடேட்டாவோடு கொடுத்த என் மகளின் படம், என் மகளின் பெயர், கீழே ஒரு பிழையில்லாத அழகான தமிழ். இங்கேயே பிறந்து படித்த இவள் வங்காளப் பத்திரிகையைச் சரளமாக வாசிப்பாள். தமிழில் ஒரு வரி எழுத வராது. அதைச் சொன்னேன். அந்த அம்மாள் விடவில்லை.

"தமிழ் எழுத வராதுன்னு பயோடேட்டாவுல போடலையே."

கடைசியில் மகள் போனைப் பிடுங்கி, வீடியோவில் தன் முகத்தையும் என் முகத்தையும் காட்டினாள். அந்த அம்மாளின் குரல் இறங்கியது. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

பணம் ஒன்றும் போகவில்லையே என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். இன்னும் எத்தனை வீடுகளில் என் மகள் கையேந்தியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ! அவள் பெயர் யாரோ ஒருவன் கையில் இருக்கிறது. அது நஷ்டமில்லையா?

நாத்தனாரின் கவலை வேறு.

"மன்னி, போலீசுக்கெல்லாம் போகாதேங்கோ. பொண்ணு பேரு ஸ்டேஷன்ல இருந்தா நாளைக்கு எந்த வரன் வரும்?"

திருடியவன் நிம்மதியாக இருக்கலாம். திருட்டுக் கொடுத்தவள் ஒளிந்துகொள்ள வேண்டும். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நானும் மகளும் போலீஸ் தாணாவுக்குப் போனோம். அங்கிருந்த இளம் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, படங்களை வெளியே கொடுத்தது யார் என்றார். நாங்கள்தான் என்றேன். பார்த்துக் கொடுக்க வேண்டாமா திதி என்று, அக்கா முறை வைத்து, வங்காளத்தில் எனக்கு உபதேசம் செய்தார். பூட்டிய வீட்டில் திருடினால் பூட்டு சரியில்லை, பூட்டாத வீட்டில் திருடினால் ஏன் பூட்டவில்லை என்பார்கள். ஆனால் புகாரைப் பதிவு செய்தார். மகள் கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகு அந்தத் தளம் போலிக் கணக்கை நீக்கியது.

புகார் கொடுத்த அன்று மாலையே, நடந்ததை வரன் குழுவில் எழுதினேன். பயோடேட்டாவில் முகவரியும் பிறந்த தேதியும் வேண்டாம், வீடியோவில் முகம் பார்க்காமல் யாருக்கும் எதுவும் அனுப்ப வேண்டாம் என்றும் சேர்த்தேன். நாத்தனார் அதை நீக்கினாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இப்படியெல்லாம் போடலாமா என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். சற்று நேரத்தில் குழுவில் இன்னொரு பெண்ணின் ஜாதகம் வந்து விழுந்தது. பிறந்த நேரம், வீட்டு எண், தெரு, படங்கள், ஒன்றும் குறையவில்லை.

நான் கோபத்தில் குழுவைவிட்டு விலகப் போனேன். மகள் தடுத்தாள். என் போனில் தன் குரலைப் பதிவு செய்து குழுவுக்கு அனுப்பினாள். தன் பெயரைச் சொல்லி, தன் பெயரில் யாரோ பணம் கேட்பதையும், புகார் கொடுத்தது தானேதான் என்பதையும் சொன்னாள். உடனே நாத்தனார் அழைத்தாள். மகளே எடுத்தாள்.

"அத்தை, நீங்க டிலீட் பண்ணினா நான் மறுபடி போடுவேன். என் பேரை நான்தானே சொல்லணும்."

நாத்தனார் நீக்கவில்லை. எங்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மறுநாள் குழுவைவிட்டு விலகியது. நல்ல இடம், போய்விட்டதே என்று அவள் மாய்ந்து போகிறாள். ஒரு பெண் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டதற்கே பயந்து ஓடுகிற இடம். போகட்டும்.