திர்சா கடைசியாகச் சொன்னது

அம்ப்ரோஸ் ஹோல்ட் மாதிரிக் கவிதை சொல்ல எங்கள் பர்ன்லி மில் ஊரில் இன்னொருத்தன் பிறக்கவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவன் பெண்டாட்டியைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடுவதில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவள் பெயர் திர்சா. கல்யாணமாகிப் போகும்வரை எனக்கு அடுத்த தறியில் நின்றவள்.

எங்கள் தறிக்கூடத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அத்தனை தறியும் ஒன்றாக ஓடும்போது யாரும் தொண்டையை வீணாக்குவதில்லை. உதட்டை அசைப்போம், எதிரே இருப்பவள் பார்த்துப் புரிந்துகொள்வாள். கூடத்தின் அந்தக் கோடியில் நிற்பவளோடுகூட வம்பளக்கலாம். அதில் திர்சாவை அடிக்க ஆளில்லை. அவள் உதடு அத்தனை தெளிவு. மேஸ்திரி உர்ரென்று எங்களைக் கடந்து போவார், அவர் முதுகு திரும்பியதும் இவள் ஆரம்பித்துவிடுவாள்.

"மாப்பிள்ளை மூஞ்சியப் பாருங்கடி. காலையில வீட்டுல வெளக்குமாத்துப் பூசை போல!"

சிரிப்பில் நூல் அறுந்ததுகூட எங்களுக்குத் தெரியாது. சம்பளத்தில் அபராதம் பிடிப்பார்கள், அதற்கும் சிரிப்போம்.

பஞ்சுத் தூசியில் அவளுக்கு இருமல் பிடித்தது. அந்தச் சமயத்தில்தான் துணிக்கடை அம்ப்ரோஸ் அவளைச் சுற்ற ஆரம்பித்தான். வெள்ளைக் காலர், பளபளக்கும் பூட்ஸ், சபையில் முதல் பெஞ்சு. எங்களைப் போன்ற மரக்கட்டைச் செருப்புக்காரிகளைக் கண்டாலும் தொப்பியைத் தூக்குவான். "இந்தத் தூசியில கெடந்து ஏன் சாகணும்? என் கடையில ராணியாட்டம் உக்காரு" என்றானாம். எங்களில் மூத்தவள் செலினா, "குடுத்து வச்சவடி நீ" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கல்யாணமான அடுத்த வாரம் கடைத்தெருவில் அவர்களைப் பார்த்தேன். திர்சா பழக்கதோஷத்தில் எதிர்ச்சாரியிலிருந்தே உதட்டை அசைத்தாள். 'எப்படிடி இருக்கே, ஃபீபி?' நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடிப்பதற்குள் அவன் அவள் முழங்கையைப் பிடித்துவிட்டான்.

"அங்க என்ன சொன்னே?"

"எப்படி இருக்கேன்னு கேட்டேங்க."

"எனக்குக் கேக்கலையே."

"தறியில இப்படித்தாங்க பேசிக்குவோம்."

"நீ இப்ப தறியில இல்ல. எனக்குக் கேக்காத பேச்சு இனிமே உன் வாயில வரக்கூடாது." இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். என்னைப் பார்த்துத் தொப்பியையும் தூக்கினான், பாவி.

கடையில் அவளை உட்காரவைத்தது கொஞ்ச நாள்தான். ரிப்பன் வாங்க வந்த ஒருவனோடு சிரித்துப் பேசினாளாம். அதன்பின் மாடியில்தான் வாசம். முதலில் ஜன்னலுக்குத் திரை வந்தது, பிறகு கதவுக்குப் பூட்டு வந்தது. நாங்கள் போய்க் கேட்டால், "மிஸஸ் ஹோல்ட்டுக்குத் தலைவலி" என்பான். அந்தத் தலைவலி வருஷக்கணக்கில் நீடித்தது.

ஊரார் கண்ணில் அவள் பட்டது ஒரே இடத்தில்தான். குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமை சாயங்காலங்களில் சபைப் பள்ளிக்கூடத்தில் வாசிப்பு நடக்கும். ஒரு பென்னி கொடுத்தால் பாட்டு, கவிதை, தேநீர் எல்லாம் உண்டு. அம்ப்ரோஸ் எப்போதும் ஒரே கவிதையைத்தான் சொல்வான், ஜனங்களும் அதையேதான் கேட்பார்கள். அதில் ஒரு பிரபு கொத்தனாரிடம் தன் பெண்டாட்டியைப் பற்றிப் பேசுகிறான். அவள் ஜன்னலில் நின்று தெருவில் போகிற எல்லாரையும் ஒரே மாதிரி பார்த்தாளாம். அவனுக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் ஜன்னலாகச் செங்கல் வைத்து அடைத்தானாம். கடைசி ஜன்னலை அடைத்தபோது அவள் உள்ளே இருந்தாளா என்பதை மட்டும் சொல்ல மாட்டான். கொத்தனாருக்கும் பேச்சு கிடையாது, அவளுக்கும் கிடையாது. முழுக்க முழுக்க அவன் ஒருத்தன் பேச்சு.

அம்ப்ரோஸ் அதைக் கத்திச் சொல்ல மாட்டான். துணி அளந்து கொடுப்பவன் குரலில் மெதுவாகச் சொல்வான். கேட்கிறவர்களுக்கு முதுகுத்தண்டு சில்லிடும். "அடேயப்பா, என்ன நடிப்பு!" என்பார் பாதிரியார். நடிப்பாம், நடிப்பு!

ஆனால் அவனுக்கு நடுவில் வரி மறந்துவிடும். அதற்காகத்தான் திர்சாவை மேடையில் தனக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் புத்தகத்தோடு உட்காரவைத்திருந்தான். அவன் திணறினால் அவள் அடிக்குரலில் எடுத்துக்கொடுப்பாள். மற்ற நேரத்தில் அவள் உதடு கவிதையோடு சேர்ந்து அசைந்துகொண்டிருக்கும். ஒரு ஜனவரி மாதச் சனிக்கிழமை, பின்வரிசையில் செலினா என் தொடையைக் கிள்ளினாள்.

"ஃபீபி, அவ வாயப் பாருடி. கவிதை இல்லடி அது."

பார்த்தேன். அவன் செங்கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான், அவன் முதுகுக்குப் பின்னால் அவள் எங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். 'என்னைப் பூட்டி வைக்கிறான். வயித்துல இருந்த புள்ளையும் போச்சு. நாளைக்குக் காலையில அவன் சபைக்குப் போவான். பின்பக்கமா ஏணி கொண்டாங்க. இங்கயே இருந்தா செத்துடுவேன்.'

பின்வரிசைகள் பூராவும் தறிக்காரிகள். அத்தனை பேருக்கும் ஓர் எழுத்துக்கூட மிச்சமில்லாமல் புரிந்தது. தறியில் ஒருத்தி கேட்டால் எதிரே நிற்பவள் பதில் சொல்லியே ஆக வேண்டும். அது எங்கள் உடம்போடு ஊறிப்போனது, யோசித்துச் செய்வதில்லை. யார் முதலில் என்று யாருக்கும் தெரியாது. அத்தனை வாயும் ஒன்றாக அசைந்தது. 'வர்றோம்டி.' 'கண்டிப்பா வர்றோம், கண்ணு.' 'தைரியமா இரு.'

மேடையில் ஜனங்களைப் பார்த்து நின்றவன் அம்ப்ரோஸ். இருட்டான பின்வரிசைகளில் சத்தமே இல்லாமல் அத்தனை பெண்களின் வாயும் அசைவதைப் பார்த்தான். என்ன சொன்னோம் என்பது அவனுக்குப் புரியவில்லை. யாரிடம் சொன்னோம் என்பது புரிந்துவிட்டது. பேச்சை நிறுத்தி மெல்லத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். ஐயோ, அவள் முகம்! பிறகு இந்தப் பக்கம் திரும்பி, ஒரு வரியில்கூடத் தடுமாறாமல் மிச்சக் கவிதையைச் சொல்லி முடித்தான். கைத்தட்டலில் கூரை பறந்தது.

மறுநாள் காலையில் நாங்கள் ஏணியோடு போனோம். அவன் சபைக்குப் போகவில்லை; ராத்திரியே அவளிடமிருந்து எல்லாவற்றையும் கறந்துவிட்டான் போல. பின்வாசலில் ஒரு போலீஸ்காரரோடு நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"மிஸஸ் ஹோல்ட்டுக்குப் பல் வலி" என்றான்.

"அவளக் கூப்பிடு, அவளே சொல்லட்டும்" என்று கத்தினேன்.

போலீஸ்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "புருஷன் பொண்டாட்டி சமாச்சாரத்துல உங்களுக்கென்னம்மா வேலை? போங்க, போயி உங்க அடுப்பப் பாருங்க."

செலினா அவர் காலில் விழாத குறை. ஒன்றும் நடக்கவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம்.

அடுத்த வாசிப்புக்குத் திர்சா வந்தாள். தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் முடிச்சுப் போட்டு ஒரு வெள்ளைத்துணி கட்டியிருந்தது. மடியில் அதே புத்தகம். அம்ப்ரோஸ் கவிதையை ஆரம்பித்தான். மூன்றாவது ஜன்னலுக்கு வந்ததும் வரி மறந்துவிட்டது. திரும்பிப் பார்த்தான். அவள் தன் தாடைக் கட்டைக் காட்டினாள். அவனே குனிந்து முடிச்சை அவிழ்த்தான். அவள் வாயைத் திறந்தாள்.

வாயில் ஒரு பல்கூட இல்லை. வலி என்று சொல்லிச் சந்தையில் பல் பிடுங்குகிறவனிடம் உட்காரவைத்து, இருந்த நல்ல பற்கள் அத்தனையையும் பிடுங்க வைத்திருக்கிறான். எங்கள் ஊரில் அதை யாரும் குற்றம் என்று சொல்ல மாட்டார்கள். பிறகு வலியே வராது என்று கல்யாணத்துக்கு முன்பே மொத்தப் பல்லையும் எடுத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. அவனும் காசு கொடுத்துத்தான் எடுத்தான். யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

அவள் வரியை எடுத்துக்கொடுத்தாள். கொழகொழவென்று ஒரு சத்தம்தான் வந்தது. "என்ன?" என்றான். மறுபடி சொன்னாள், அவனுக்குப் புரியவில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த வரி எங்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். ஒருத்தி வாயைத் திறக்க வேண்டுமே! அவன் வியர்த்துப்போய்த் தலைகுனிந்து நின்றான். நாசமாய்ப் போகிறவன், நன்றாக நிற்கட்டும் என்று இருந்தது.

அப்போது திர்சா எங்கள் பக்கம் பார்த்தாள். சத்தமில்லாமல் உதட்டை அசைத்து நீளமாக ஏதோ சொன்னாள். வீங்கிய உதடு உள்ளே மடிந்து மடிந்து போயிற்று. ஒரு வார்த்தைகூட உருவாகவில்லை. எங்கள் திர்சா, எங்கள் எல்லாரிலும் தெளிவான வாய்! கண்கொட்டாமல் பார்த்தோம், ஒருத்திக்கும் புரியவில்லை.

'திரும்பச் சொல்லுடி, கண்ணு' என்று செலினாவின் உதடு கெஞ்சியது.

திரும்பச் சொன்னாள். அப்போதும் புரியவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தே அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயை மூடினாள். மடியில் கிடந்த துணியை எடுத்துத் தன் கையாலேயே தாடையைக் கட்டிக்கொண்டாள்.

ஈஸ்டர் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஈறு சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டது என்றார்கள். கல்லறையில் அவன் அழுத அழுகைக்குப் பாதிரியாரே அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அடுத்த குளிர்காலம் அவன் மறுபடி மேடை ஏறினான், புத்தகம் பிடிக்கப் புதிதாக ஒருத்தியோடு.

திர்சா அன்று சொன்னது 'இன்னொரு தடவை வாங்க' என்பதுதான் என்று செலினா சாதிக்கிறாள். 'ஏன்டி பதில் சொன்னீங்க' என்றாள் என்கிறாள் இன்னொருத்தி. எனக்குத் தெரியவில்லை. அந்த உதட்டசைவு மட்டும் அப்படியே என் கண்ணில் இருக்கிறது. தறியில் நிற்கும்போது பல் மேல் உதட்டை மடித்துக்கொண்டு, அதை என் வாயில் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், ஏதாவது ஒரு வார்த்தை வராதா என்று. இப்போது அவள் தறியில் நிற்கிற சின்னப் பெண் என்னைப் பார்த்து உதட்டை அசைக்கிறாள்.

'என்னக்கா சொல்றீங்க? ஒண்ணும் புரியலையே.'