காலை ஆட்டாதே என்றேன்

பிற்பகல் மூன்று பத்துக்கு என் மகளின் இடது கால் அசையவில்லை. இன்றும் அந்த நேரம் வந்தால் அவள் கால்களைத்தான் பார்க்கிறேன்.

பெருந்தமனி வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் அது. வீங்கிய பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் வைத்திருந்தார்கள். ஆலங்குடியிலிருந்து அவளைத் திருச்சிக்குக் கொண்டுபோன அன்றே டாக்டர் சொல்லியிருந்தார்: அந்தத் தமனியின் கிளைகள்தான் தண்டுவடத்துக்கு ரத்தம் கொடுக்கின்றன, அது குறைந்தால் கால்கள் செயலிழக்கலாம். அதனால், தேவைப்பட்டால் தண்டுவட நீரை வடிப்பதற்கென்று முதுகில் மெல்லிய டியூப் ஒன்றைச் செருகியிருந்தார்கள். மணிக்கொரு முறை நர்ஸ் வந்து பாதங்களை ஆட்டச் சொல்வார்.

இரண்டே முக்காலுக்கு நான் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனபோது, எனக்குக் காட்டவென்றே மகள் இரண்டு பாதங்களையும் ஆட்டினாள். படுத்துக்கொண்டு கால் ஆட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்தவள் நான். வாய் சும்மா இருக்கவில்லை.

"காலை ஆட்டாதடி, பேசாம படு."

நர்ஸ் திரும்பினார். அன்னவாசல்காரர். "அம்மா, ஒங்க வீட்டுச் சட்டமெல்லாம் வாசலோட. இங்கிட்டு ஆட்டித்தான் ஆகணும்."

மகள் சிரித்தாள். ஆனாலும் என் பேச்சைக் கேட்டு அவள் காலை அடக்கிக்கொள்வாளோ என்று அந்த நர்ஸுக்குச் சந்தேகம். அடுத்த முறைக்கு நேரம் ஆவதற்குள், மூன்று பத்துக்கே இன்னொரு முறை ஆட்டச் சொல்லியிருக்கிறார். வலது கால் அசைந்தது. இடது அசையவில்லை.

அடுத்த நிமிடங்களில் அங்கே யாரும் கத்தவில்லை, பதறவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "தண்டுவடத்தைச் சுத்தியிருக்கிற நீரைக் கொஞ்சம் வடிக்கிறோம்மா. அழுத்தம் கொறைஞ்சா ரத்தம் உள்ள போகும். பிரஷரையும் ஏத்துறோம்."

"ஏத்துறீங்களா?" பிரஷருக்கு மாத்திரை போடுகிறவள் நான்.

"ஏத்துனாத்தான் அங்க வரைக்கும் போய்ச் சேரும்."

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரேயடியாக வடித்தால் மூளைக்கு ஆபத்தாம். ஒருவர் பிரஷர் காட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நர்ஸ் குனிந்தபடி சொட்டுச் சொட்டாக விழுவதை அளந்துகொண்டிருந்தார். அவருக்கு வந்த டீ மேசையிலேயே ஆடை கட்டிக் கிடந்தது. இத்தனை பேருடைய பொறுமையில் என் பிள்ளையின் ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. வந்தது நர்ஸ்தான்.

"வாங்கம்மா. ஒங்க பொண்ணு ரெண்டு காலையும் ஆட்டிக்கிட்டுக் கெடக்கு. வந்து திட்டுங்க."