பதினேழு கிளப்பும் ஒரு மாவுக்கட்டும்

1. பச்சை பீரோ

இருபத்திரண்டு வருடம் புதுக்கோட்டை பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் எலெக்ட்ரிக்கல் பாடம் நடத்தினேன். கடைசி ஆறு வருடம் மாணவர் கிளப்புகளுக்குக் கோ-ஆர்டினேட்டர் என்ற பதவியும் சேர்ந்துகொண்டது. பதவி என்றதும் தனி அறை, சுழல் நாற்காலி என்று கற்பனை செய்ய வேண்டாம். ஒரு பச்சை பீரோ, அதற்குள் பதினேழு ஃபைல்.

முதல் நாள் பிரின்ஸிபால் கூப்பிட்டுப் பட்டியலை நீட்டினார். ரோபோ கிளப், டிரோன் கிளப், சோலார் கிளப், புதுமை கிளப், புதுமையைப் பரப்பும் கிளப். படித்துவிட்டு அப்பாவியாகக் கேட்டேன்.

"இதெல்லாம் எங்க சார் நடக்குது?"

"நடக்கணும்னு யாருங்க சொன்னா? இருக்கணும். காலேஜ இன்ஸ்பெக்ஷன் பண்ற கமிட்டி வந்தா மாசத்துக்கு ஒரு போட்டோ கேப்பாங்க. அத மட்டும் பாத்துக்கங்க."

பார்த்துக்கொண்டேன். கமிட்டி வருவதற்குப் பத்து நாள் முன்னால் செமினார் ஹாலில் முப்பது பேரை உட்கார வைப்போம். மேடையில் ரோபோ கிளப் ஃபிளெக்ஸ். சிறப்பு விருந்தினர் கெமிஸ்ட்ரி ஹெச்.ஓ.டி. அவருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்ததும் பொன்னாடையை வாங்கி மடித்துவிட்டு அடுத்த ஃபிளெக்ஸை மாட்டுவோம். பையன்கள் சட்டை மாற்றிக்கொள்வார்கள். முன்வரிசை பின்வரிசையாகும். விருந்தினர் கண்ணாடியைக் கழற்றி வேறு ஆள் ஆவார். ஒரே மதியத்தில் ஒரு கல்வியாண்டு முடிந்துவிடும். இவ்வளவு வேகமாக சிலபஸை நான் ஒருநாளும் முடித்ததில்லை.

2. மெழுகுவர்த்தி உறுதிமொழி

இது போதாதென்று ஹானர் சொசைட்டி ஒன்றும் வந்தது. மார்க் சராசரி பத்துக்கு எட்டரைக்கு மேல் இருக்க வேண்டும், படிப்புக் காலத்தில் ஒரு அரியர்கூட இருந்திருக்கக் கூடாது. சேருகிறவர்கள் மெழுகுவர்த்தி பிடித்து ஆங்கிலத்தில் சேவை உறுதிமொழி எடுப்பார்கள். மெழுகுவர்த்தி அணையாமலிருக்க ஃபேனை நிறுத்துவதால் சேவையின் முதல் வியர்வை அங்கேயே வழிந்துவிடும். பிறகு சட்டையில் பேட்ஜ் குத்துவார்கள். சங்கத்தின் பணி என்னவென்றால், அடுத்த வருடம் வருகிறவர்களுக்குப் பேட்ஜ் குத்துவது.

அந்த வருடம் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி ஒன்று கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருவதாகச் சொன்னது. ஹானர் சொசைட்டி உறுப்பினர்கள் மட்டுமே அதில் உட்காரலாம் என்று பிரின்ஸிபால் விதி போட்டார். பட்டியலில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமை அனுப்பியது நான்.

அன்று மதியம் கயல்விழி வந்து நின்றாள். இறுதியாண்டு எலெக்ட்ரிக்கல் மாணவி, ஊர் வல்லத்திராக்கோட்டை. சனிக்கிழமை தோறும் மெஷின் லேபில் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, சுற்றுவட்டார விவசாயிகள் கொண்டுவரும் மோட்டார் ஸ்டார்ட்டர்களைப் பழுது பார்த்துக் கொடுப்பாள். இரண்டு வருடமாக நடந்தது. ஃபிளெக்ஸ் இல்லை, ஃபைல் இல்லை. ஆகவே கல்லூரிக் கணக்கில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. முதல் வருடம் டிராயிங் தாளில் மூன்று மார்க்கில் தவறி, மறுமுறை எழுதிப் பாஸானவள் அவள்.

"சார், ரெண்டு வருஷமா மோட்டாரோடதான் கெடக்குறேன். மோட்டார் கம்பெனி இன்டர்வியூல நான் உக்காரக் கூடாதுங்களா? இத விட்டா என்னய வெளியூருக்கு வேலைக்கு அனுப்ப எங்க வீட்டுல இன்னொரு தடவ ஒத்துக்க மாட்டாங்க சார்."

"ரூல்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அத்தனை வருட சர்வீஸ் எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

3. கை கூடாத பையன்

மறுநாள் சனிக்கிழமை கமிட்டி வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியை, அதிகம் பேசாதவர். வாசலில் தினேஷ் என்ற பையன் சந்தனமும் கற்கண்டும் நீட்டினான். போன மாதம் நார்த்தாமலைக்கு பைக்கில் போய் விழுந்து, வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் தட்டைப் பிடித்திருந்தான்.

அந்த அம்மையார் ஆல்பத்தைப் புரட்டினார். ஜூன் மாத ரோபோ கிளப், ஆகஸ்ட் மாத டிரோன் கிளப், டிசம்பர் மாத சோலார் கிளப். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வாசல்ல சந்தனம் குடுத்த தம்பிதானே இது?"

"ஆமாங்க மேடம்."

"ஜூன்ல கட்டுப் போட்டிருக்கார், இப்ப மார்ச்லயும் கட்டோடதான் இருக்கார். பாவம், வேற டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?"

சட்டையை மாற்றினோம், வரிசையை மாற்றினோம், விருந்தினரின் கண்ணாடியைக்கூட விடவில்லை. கையை மறந்துவிட்டோம். பதினேழு படத்திலும் அந்த வெள்ளைக் கை பளிச்சென்று தெரிந்தது. பிரின்ஸிபால் என்னை முறைத்தார். நான் தினேஷை முறைக்கலாமென்று பார்த்தால் அவன் அங்கே இல்லை.

"சரி, இப்போ நடந்துக்கிட்டிருக்கிற ஒரு கிளப்பைக் காட்டுங்க" என்று எழுந்துவிட்டார்.

பூட்டிய அறைகளாகத் தாண்டிப் போனதில் திறந்திருந்தது மெஷின் லேப் ஒன்றுதான். உள்ளே கீரனூர்ப் பக்கத்து விவசாயி வெள்ளைச்சாமி உரச்சாக்கை விரித்து அதன்மேல் ஸ்டார்ட்டரை வைத்திருந்தார். கயல்விழி அதைத் திறந்து குனிந்திருந்தாள்.

"காயில் கருகிப்போச்சுங்கய்யா. பாயிண்ட்டும் தேஞ்சிருக்கு. கரண்டு கொறைச்சலா வாரப்ப ஓட்டுனீங்களா?"

"கடலை வாடுதே ஆத்தா, என்ன பண்ணச் சொல்ற?"

பிரின்ஸிபால் மலர்ந்த முகத்தோடு முன்னால் வந்தார். "இது நம்ம பதினெட்டாவது கிளப்புங்க மேடம். இந்தப் பொண்ணுதான் ஹானர் சொசைட்டி பிரசிடெண்ட்."

கயல்விழி நிமிர்ந்தாள். "இல்லைங்க மேடம். எனக்கு ஒரு அரியர் இருந்துச்சு, சேத்துக்கலை. அதனால திங்கக்கெழம பம்ப் கம்பெனி இன்டர்வியூலயும் என் பேர் இல்லைங்க." சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"அந்த லிஸ்ட்டுல கையெழுத்துப் போட்டது யாரு?"

பிரின்ஸிபாலின் விரல் என் பக்கம் வந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அன்று அவர் உண்மை பேசினார்.

"நீங்க என்ன சப்ஜெக்ட் எடுக்குறீங்க?" என்று என்னைக் கேட்டார் அம்மையார்.

"எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் மேடம்."

அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. கமிட்டியிடம் மாட்டிக்கொண்டதற்காக அல்ல. முந்தின நாள் அவள் வந்து கேட்டபோதே அது எனக்கு வந்திருக்க வேண்டும்.

4. பதினெட்டாவது ஃபைல்

கமிட்டியின் கார் கேட்டைத் தாண்டியதும் விதி தளர்ந்தது. கிரீஸ் கறையோடு இருந்த கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்து ஐந்தே நிமிடத்தில் கயல்விழியை மேன்மக்களில் ஒருத்தி ஆக்கினார்கள். பட்டியலில் இரண்டு வரிகளுக்கு நடுவே அவள் பெயரை இடுக்கி எழுதிக் கம்பெனிக்கு மறுபடி அனுப்பினேன். திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் ஒரு கோளாறான ஸ்டார்ட்டரை மேஜையில் வைத்து, என்ன பழுதென்று ஒவ்வொருவரையும் கேட்டார்களாம். வேலை அவளுக்குக் கிடைத்தது.

அடுத்த வருடம் பதினெட்டாவது கிளப்பான மோட்டார் கிளப்புக்கு ஃபிளெக்ஸ் வந்தது, டி-ஷர்ட் வந்தது, விதியும் வந்தது. சேர்வதற்கு சராசரி எட்டரை, அரியர் கூடாது. அதாவது கயல்விழியே வந்தாலும் சேர முடியாது. பிரின்ஸிபாலிடம் அதைச் சொன்னேன். "ஸ்டாண்டர்டு வேணும்ல சார்" என்றார். கையெழுத்தை நான்தான் போட்டேன். பழகிய கை.

முதல் சனிக்கிழமை வெள்ளைச்சாமி உரச்சாக்கோடு வந்துவிட்டார். பதினான்கு உறுப்பினர்களும் அவரை உட்கார வைத்து, ஸ்டார்ட்டரின் வரலாறு பற்றி ஸ்கிரீனில் படம் காட்டினார்கள். பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாருக்கு தம்பி. இத யாரு தெறப்பீங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள். பாடம் நடத்திய எனக்கும் கடைசியாக ஸ்டார்ட்டரைத் திறந்தது எப்போதென்று நினைவில்லை. போனில் கயல்விழியை வீடியோவில் கூப்பிட்டேன்.

"அய்யா, மொதல்ல கரண்டு ஒயர் எதுவும் மாட்டலையேன்னு பாத்துக்கங்க. நீங்களே தெறங்க, நான் சொல்றேன்" என்றாள் வெள்ளைச்சாமியிடம்.

அதையும் படம் எடுத்து ஃபைலில் வைத்தோம். இந்த வேலைக்கு வருகிற இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான்: பட்டியலில் கையெழுத்துப் போடும் முன், அதில் இல்லாத பெயர்களையும் ஒருமுறை யோசியுங்கள். நம்பிக்கை வராவிட்டால் பச்சை பீரோவைத் திறந்து பதினெட்டாவது ஃபைலைப் பாருங்கள். டி-ஷர்ட்டில் பதினான்கு பேர் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவர் வெள்ளைச்சாமி கையில் இருக்கிறது.